தமிழில் போட்ட கணக்கு

பல்லடத்தில் தறி ஓட்டுபவர் அவர். தலைமுடியிலும் காது மடலிலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். கணிதப் போட்டிக்காகப் பீளமேட்டில் நான் நடத்திய சனிக்கிழமை வகுப்புக்கு, ஒன்பதாவது படிக்கும் மகளைக் கூட்டி வருவார். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். பதில் சொல்ல மகள் எழுந்தால், அவரும் அங்கே எழுந்து நிற்பார்.

அவளைப்போலக் கணக்குப் போடும் பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. தமிழ் வழியில் படித்தவள் என்பதால் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தேன். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வரும் என்று தெரியும். எப்படியும் புரிந்துகொள்வாள் என்று நினைத்துவிட்டேன்.

போட்டி முடிந்து அழுதுகொண்டே வெளியே வந்தாள். ஒரு கேள்விகூடப் புரியவில்லையாம். முதல் கேள்வியை நான் தமிழில் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேள்வித்தாளின் பின்பக்கத்திலேயே ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டாள்.

என்னோடு வாசலில் காத்திருந்த அவள் அப்பா அந்தத் தாளைக் கையில் வாங்கினார்.

"ஏனுங்க சார், இப்பப் போட்டுப்போட்டாளுங்களே. உள்ளே கொண்டுபோய்க் குடுத்தா வாங்கிக்குவாங்களா?"

"மாட்டாங்கங்க."

"சரியாத்தானுங்களே போட்டிருக்கா?"

"சரியாத்தானுங்க போட்டிருக்கா."

"அப்புறம் ஏனுங்க?"

பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.