காரணம் இல்லாத ரயில் பயணம்

கடலே இல்லாத எங்கள் ஊரில், கன்டோன்மென்ட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஏழு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். வளைகுடா, தீபகற்பம், அலை எல்லாம் கரும்பலகையில் அத்துப்படி. கடலை மட்டும் கண்ணால் பார்த்ததில்லை. பிள்ளைகள் முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது. அந்தக் கோடை விடுமுறையில் மதராஸ் போய்ப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

அப்பா போனபின் வீட்டில் நானும் அம்மாவும்தான். விஷயத்தைச் சொன்னதும் அவள் கையில் உருண்டுகொண்டிருந்த ஜெபமாலை நின்றது.

“யாருக்கு என்னா ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. கடல் பாக்கணும்.”

எங்கள் தெருவில் சாவுக்கு ரயில் ஏறலாம், பிரசவத்துக்கு ஏறலாம், கோயிலுக்கு ஏறலாம். சும்மா பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல பெயர் கிடையாது. நாடோடி, பரதேசி, ஊர்சுற்றி, எதை எடுத்தாலும் வசவுதான். அதுவும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“கல்யாணம் ஆவாத பொண்ணு. ஊர்சுத்தின்னு பேரு வாங்கினா எவன்டி கட்டிப்பான்? வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன்னு சொல்லு. அங்கியும் கடல் இருக்குது.”

நல்ல யோசனைதான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

“பொய்க்கு மாதாவை இழுக்க மாட்டேன். யார் கேட்டாலும் கடல் பாக்கப் போறேன்னுதான் சொல்லுவேன்.”

மூன்று நாள் அவள் ஜெபமாலையும் கையுமாகவே இருந்தாள். நான் போய் டிக்கெட் வாங்கிவந்தேன். நாலாம் நாள் காபியை என் முன்னால் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

“நான் மூணு வாட்டி ரயில் ஏறியிருக்கேன். மூணும் சாவு. வெளிய என்னா இருந்துச்சுன்னுகூட பாக்கல. எனக்கும் ஒண்ணு வாங்கிடு.”

கேட்பவர்களிடம் அவள் வேளாங்கண்ணி என்றுதான் சொல்வாள் என்று எனக்கு நிச்சயம். சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடத் தயாராக இருந்தேன்.

ஸ்டேஷனில் எதிர்வீட்டுக்காரி எதிர்ப்பட்டாள். எங்கள் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டாள்.

“ஐயோ, யாராவது தவறிட்டாங்களா?”

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“யாரும் சாவல. நானும் என் பொண்ணும் ஊர் சுத்தப் போறோம்.”

சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் வண்டியில் ஏறினாள். மதராஸ் வரும்வரை ஜன்னலோரத்தை எனக்குத் தரவேயில்லை.