கடிக்க இடமில்லாத ஷாஃப்ட்

அன்று அந்தச் சமையலறையில் இருந்தது நாலே பேர்: மாவரைத்து விற்கும் செல்வியக்கா, அவள் புருஷன் மாரி, என் முதலாளி அன்வர் பாய், அப்புறம் நான். எட்டாவதோடு படிப்பை விட்டு மோட்டார் ரிப்பேருக்கு வந்த எனக்கு அப்போது இருபது வயசு.

இத்தனை வருஷம் கழித்து அது ஏன் ஞாபகம் வந்தது என்றால், இன்று காலை கொட்டிவாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டில் குளியலறைக் கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, நான் வெளியே இருந்தேன். உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உட்கார்ந்து ரொம்ப நேரம் கவலைப்பட்டேன்; எனக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. பிறகுதான் தரையில் தேடி எடுத்தேன்: உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு, தலையில்லாத கிரப் ஸ்க்ரூ. மூக்கருகே கொண்டுபோனால் அதே இரும்பு வாடை. பின்னாலேயே ஊறிய உளுந்தின் வாசனையும் வந்துவிட்டது.

செல்வியக்கா வீடு மந்தைவெளியில், சந்துக்குள் சந்து. கிரைண்டரில் மோட்டார் ஓடுகிறது, கல் சுற்றவில்லை. மோட்டாரின் சுழலும் தண்டான ஷாஃப்டில் மாட்டிய பெல்ட் சக்கரம், அதாவது புல்லி, வழுக்குகிறது. புல்லியை ஷாஃப்டோடு பிடித்து வைப்பது இந்தக் குட்டி ஸ்க்ரூதான். தலை இல்லாததால் புல்லிக்குள்ளேயே முழுசாக முழுகிவிடும். சுற்றும்போது எதிலும் மாட்டாது.

மாரி அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். "இன்னா பாய், இதுக்குத் தலையே இல்ல. இது எங்க புடிக்கும்?"

"உனுக்குத் தல கீதே, நீ இன்னாத்தப் புடிச்ச?" என்றாள் அக்கா.

பாய் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. தெருமுனை மெஸ்ஸுக்கு அவள் மாவுதான். அதுதான் குடும்பத்துக்குச் சோறு. இரண்டு நாளாகக் கொடுக்க முடியவில்லை. இன்று சாயங்காலமும் வராவிட்டால் பாக்கெட் மாவுக்குப் போய்விடுவேன் என்று மெஸ்காரர் சொல்லியனுப்பியிருந்தார். அரிசியும் உளுந்தும் அண்டாக்களில் ஊறிக்கொண்டிருந்தன.

பாய் ஸ்க்ரூ டப்பாவைக் கவிழ்த்தார். எல்லா ஸ்க்ரூவும் பார்க்க ஒன்றுபோலத்தான், முனைதான் வேறு. தட்டை முனை ஷாஃப்டைக் காயப்படுத்தாது. அடிக்கடி நகர்த்தும் சாமானுக்கு ஆகும், பிடி குறைவு. கிண்ணம்போல் குழிந்த முனை விளிம்பால் கடித்துப் பிடிக்கும். கூர் முனைக்கு முதலில் குழி போட வேண்டும். இறங்கினால் அங்கேயே இருந்துவிடும். எனக்கு எதைக் கையில் எடுத்தாலும் மற்றதுதான் சரி என்று தோன்றும்.

புல்லியைத் தட்டிக் கழற்றியதும் பாய் முகம் மாறியது. ஷாஃப்ட் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி. பழைய குழியின் ஓரத்தில் முடுக்கினால் ஸ்க்ரூ அதற்குள்ளேயே சறுக்கும் என்று, வந்த மெக்கானிக் ஒவ்வொருவரும் புல்லியை ஒரு நூல் தள்ளி, புது இடத்தில் கடிக்கவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரைச் சொல்ல? நாங்களும் வீட்டுக்கு வீடு அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

"கடிக்க எடமே இல்லியேம்மா. புதுசாக் கடைஞ்சு போடணும். சிந்தாதிரிப்பேட்டை லேத்துப் பட்டறைல குடுத்தா ரெண்டு நாளு."

"உளுந்து ரெண்டு நாளு ஒக்காந்துகினு இருக்குமா பாய்? இன்னிக்கு மட்டும் ஓட்டிக் குடு."

இருந்ததில் ஆழமான குழியாகப் பார்த்துக் கூர் முனையை இறக்கினார். கழன்று வராமலிருக்க அதன் முதுகிலேயே இன்னொரு ஸ்க்ரூ. நான் முடுக்கினேன், பயத்தில் மறுபடியும் முடுக்கினேன். கல் சுற்றியது. அக்கா உளுந்தை அள்ளிப் போட்டாள். நுரை பொங்க ஆரம்பித்தபோது கடகடவென்று சத்தம். கல் நின்றது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, வுடு பாய்" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் புது ஷாஃப்ட் வந்தது, ஒரு கீறல் இல்லாமல். பாய் அளவாகக் குழி போட்டுப் புல்லியை முடுக்கினார்; அசையவில்லை. மெஸ்ஸில் அதற்குள் பாக்கெட் மாவு வந்து இறங்கிவிட்டது. அரைக்க ஒன்றும் ஊறப்போடாததால் அக்கா வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள்.

பாய் இப்போது இல்லை. மெஸ்ஸும் இல்லை. இன்று மத்தியானம் அந்தச் சந்துக்குப் போய்ப் பார்த்தேன்; வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அப்போதெல்லாம் சாயங்காலமானால் தூக்குச்சட்டியும் டம்ளருமாக வந்து நின்று "மாவு கீதாக்கா?" என்று கேட்ட தெருவில், செல்வியக்கா எங்கே போனாள் என்று நான் கேட்டேன். எந்தச் செல்வி என்றுகூட யாரும் திருப்பிக் கேட்கவில்லை.