கை நேரானால் விட்டுவிடு

ஹெலனின் கைப்பிடியைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மாமல்லபுரம் ரோட்டில் கடலைப் பார்த்தபடி இருக்கிற ஒரு பெரிய ஓட்டலில் அவளுக்குச் சலவைப் பிரிவில் வேலை. மிஷின் துவைத்துப் போடும். ஆனால் கறைபட்ட விரிப்புகளைக் கையால்தான் அலச வேண்டும், கையால்தான் முறுக்க வேண்டும். இரட்டைக் கட்டில் விரிப்பு நனைந்தால் ஒரு ஆட்டுக்கிடா கனம் இருக்கும். அதை ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறுக்குகிறவளின் கையில் உங்கள் சட்டை அகப்பட்டால், சட்டை கிழியுமே தவிர பிடி விடாது.

அந்தப் பிடிதான் அவளை ஜூடோவுக்குக் கொண்டுவந்தது.

அவள் அம்மா சந்திரம்மா அச்சரப்பாக்கம் பக்கத்துக்காரி. பரம்பரையாக அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். புருஷன் செத்ததும் இரண்டு பிள்ளைகளோடு புதுப்பட்டினத்துக்கு வந்து என்னிடம் செங்கல் சுமந்தாள். மூத்தவன் ஆல்வின். இளையவள் ஹெலன். ஆல்வினும் வளர்ந்து என்னிடமே, கான்கிரீட் தளத்துக்குத் தகடும் கழியும் முட்டுக் கொடுக்கிற செண்ட்ரிங் வேலைக்கு வந்தான். ஹெலன் பன்னிரண்டு வரை படித்துவிட்டு ஓட்டலுக்குப் போனாள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தாமோதரன் மேஸ்திரி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், பன்னிரண்டு வயதில் கலவைச் சட்டி தூக்கியவன். இன்றைக்கு இந்தக் கடலோரத்தில் நிற்கிற மாடிகளில் பாதிக்கு முட்டுக் கொடுத்தது என் தகடும் என் கழியும். ஒருத்தன் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை, நானாக எழுந்தேன். என் குரலைப் பற்றியும் ஊரில் பேச்சு உண்டு. நான்காவது மாடிச் சாரத்தில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால், கீழே ஓடுகிற கலவை மிஷினைத் தாண்டி ஆள் திரும்பிப் பார்ப்பான். எனக்கு மைக்கும் வேண்டாம், செல்போனும் வேண்டாம்.

கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருக்கிற கோபாலகிருஷ்ணன் சார் ஜூடோ தெரிந்தவர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இடம் தேடி அலைந்தார். நான் தகடு அடுக்குகிற ஷெட்டில் பாதியைக் காலி செய்து கொடுத்தேன். கீழே ரப்பர் ஸ்பாஞ்சைப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியது என் கை. இந்த ஜில்லாவில் எவனும் அப்படிக் கட்டமாட்டான்; ஒரு சுருக்கம் விழாது.

ஜூடோ என்றால் அடிதடி இல்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கிப் போடுவது ஒன்று. கீழே போட்டு எழவிடாமல் அமுக்குவது ஒன்று. கையை நேராக இழுத்து, முழங்கை ஒடிகிற அளவுக்குப் பூட்டுவது ஒன்று. பூட்டு விழுந்து தாங்க முடியாமல் போனால், பிடிபட்டவர் இரண்டு தட்டு தட்டுவார். தட்டினால் தோற்றதாகக் கணக்கு, பிடித்தவர் விட்டுவிட வேண்டும். உலகம் முழுக்க அதுதான் வழக்கமாம். எங்கள் ஷெட்டில் மட்டும் வேறு வழக்கம் வந்தது. கொண்டுவந்தவன் நான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆல்வின் கை பூட்டில் மாட்டிக்கொண்டது. சுற்றிலும் அவன் சேக்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

“தட்டுடா மச்சான், தட்டிடு!”

“போடா, நான் இன்னா கதவா, தட்றதுக்கு?” என்று பல்லைக் கடித்தான் ஆல்வின்.

பச்சைக் கழி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முழங்கை. இரண்டு முறை வைத்தியம் பார்த்தும் அந்தக் கை முழுசாக நீளவில்லை, கனமும் தாங்கவில்லை. தலைக்கு மேல் தகடு ஏற்ற முடியாதவனுக்குச் செண்ட்ரிங்கில் என்ன வேலை? கோடவுனில் காவலுக்கு உட்காரவைத்தேன். இருபத்து மூன்று வயதுப் பையன் கிழவன் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அன்றைக்கே சட்டம் போட்டேன். என் பாயில் எவன் கை நேரானாலும் அந்த நிமிஷமே விட்டுவிட வேண்டும். தட்டுகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நானே உட்கார்ந்தேன். கை நேராகிறதைப் பார்த்ததும் “விடு!” என்று ஒரு சத்தம். பிடி விட்டுப்போகும்.

கோபாலகிருஷ்ணன் சார் ஒத்துக்கொள்ளவில்லை.

“மேஸ்திரி, இது பழக்கமாப் பூடும். போட்டியில நடுவர் நிறுத்தற வரைக்கும் விடக் கூடாது. ஒடம்பு ஒரு தடவ கத்துக்கிட்டா மறக்காது.”

“சாரு, உங்க கை ஒடிஞ்சா மாசம் பொறந்தா சம்பளம் வரும். இதுங்க கை ஒடிஞ்சா? சொல்லுங்க பாப்போம்.”

படித்தவரை மடக்கிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. அதற்கப்புறம் ஆறு வருஷத்தில் என் ஷெட்டில் ஒரு கை உடையவில்லை. அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அண்ணன் கை போனதைப் பார்த்த ஹெலன் பயந்து நின்றுவிடுவாள் என்று நினைத்தோம். நிற்கவில்லை. ஆறு வருஷம், ஓட்டல் வேலை முடிந்து வருவாள். படுத்த வாக்கில் இரண்டு காலையும் எதிராளியின் மார்மேல் போட்டு, கையைத் தொடைக்கு நடுவில் இழுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குகிற அந்தப் பூட்டில் அவளை அடிக்க ஆள் கிடையாது. பூட்டைப் போடுவாள், கை நேராகும், நான் கத்துவேன், விடுவாள். ஆயிரம் முறை இருக்கும். ஆயிரமும் குறைச்சல்தான்.

போன வருஷம் ஒரு அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு அறிவிப்பு வந்தது. மாநிலப் போட்டியில் தங்கம் வேண்டும். வயது வரம்பு உண்டு. மார்ச் மாதம் பத்தாம் தேதி வந்தால் ஹெலன் அதைத் தாண்டிவிடுவாள். நடுவில் இருந்தது ஒரே ஒரு மாநிலப் போட்டி, டிசம்பரில், செங்கல்பட்டில். அந்தத் தங்கம் கிடைத்தால் சர்க்கார் வேலை. கிடைக்காவிட்டால் சாகிற வரைக்கும் ஈர விரிப்பு. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐம்பத்தேழு கிலோவுக்குள் எடை நிற்க வேண்டும். முந்தின நாள் இருநூறு கிராம் கூட இருந்தது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் வேனில் ஏறும்போது உதடு வெடித்திருந்தது.

“இன்னா ஹெலனு, மூஞ்சி வத்தல் போட்ட கத்திரிக்கா மாதிரி கீது?” என்றான் ஆல்வின்.

“நீ பிரியாணிய பத்திப் பேசாம வா. அது போதும்.”

“நான் எங்க பேசனேன்? மனசுல நெனச்சிகினு வந்தேன், அவ்ளோதான்.”

“உன் மனசு எனக்கு மணக்குது, மூடு.”

வேன் முழுக்கச் சிரித்தோம். அவள் கடைசியாக அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எடை சரியாக நின்றது. மூன்று ஆட்டம் ஜெயித்தாள். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது சேலத்துப் பக்கத்து சஹானா என்ற பெண். விசைத்தறி ஓட்டுகிறவர் மகள். ஹெலனை விடக் கையும் காலும் நீளம்.

நான் மேலே மாடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் ஆல்வின். கோபாலகிருஷ்ணன் சார் கீழே பயிற்சியாளர் நாற்காலியில். ஆட்டம் ஓடும்போது பயிற்சியாளர்கள் பேசக் கூடாதாம், நடுவர் நிறுத்தும்போதுதான் பேசலாம். அதனால் அரங்கம் அமைதியாக இருந்தது. பாய்மேல் கால் உரசுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

முதல் நிமிஷத்திலேயே ஹெலன் ஒரு அரைப் புள்ளி எடுத்துவிட்டாள். அப்புறம் இருவரும் சட்டையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நாலு நிமிஷ ஆட்டத்தில் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். சஹானா அவளைத் தோள்மேல் தூக்கிப் போட வந்தாள். ஹெலன் அதைத் தடுத்து, அந்தப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு கீழே விழுந்தாள். விழுந்த வேகத்திலேயே இரண்டு காலும் மார்மேல் ஏறிவிட்டன. கை தொடை நடுவில். அந்தப் பெண் தன் கையைத் தானே கோத்துப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். விரிப்பு முறுக்கிய கை முன்னால் அது எவ்வளவு நேரம் நிற்கும்? கோப்பு பிரிந்தது. கை நேரானது.

“விடு!”

என் குரல். நான் நினைத்துக் கத்தவில்லை. எழுந்து நின்றதுகூட எனக்குத் தெரியாது. கை நேரானதைக் கண் பார்த்தது, வாய் கத்திவிட்டது.

ஹெலன் விட்டாள்.

சஹானா தட்டவில்லை. நடுவர் நிறுத்தவில்லை. ஷெட்டில் செய்கிற மாதிரி, ஹெலன் காலை எடுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். ஒரு மூச்சு நேரம் அவளுக்கே என்ன நடந்தது என்று புரியவில்லை. அதற்குள் அந்தப் பெண் திரும்பி, அவள் கழுத்தைக் கட்டி, மார்மேல் விழுந்து அமுக்கிவிட்டாள். இருபது விநாடி அமுக்கினால் ஆட்டம் முடிந்தது. பலகையில் எண் ஓடியது. தண்ணீர் குடிக்காத உடம்பு ஹெலனுடையது. பதினைந்து வரைக்கும் காலை உதைத்தாள். அப்புறம் மேலே விளக்கைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

கோபாலகிருஷ்ணன் சார் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

திரும்பி வரும்போது வேன் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஆல்வின்தான் ஆரம்பித்தான். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான். ஆனால் அந்த நிமிஷம் அவனும் எழுந்து கூவிக்கொண்டிருந்தான்; கண் பாய்மேல் இருந்தால் காது எங்கே இருக்கும்?

“மேல இருந்து யாரோ கத்தினாங்க இல்ல? விடு, விடுன்னு?”

முன் சீட்டில் இருந்த கோபாலகிருஷ்ணன் சார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஹெலன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

“கும்பல்ல எவனாச்சும் கத்தியிருப்பான்” என்றேன் நான்.

இத்தனை வருஷத்தில் தளம் இடிந்தபோதும் தப்பு என் மேல்தான் என்று நிமிர்ந்து சொன்னவன் நான். அன்றைக்கு ஒரு பெண்பிள்ளை முன்னால் வாய் வரவில்லை.

ஹெலன் நாலு நாளில் வேலைக்குப் போனாள். ஷெட்டுக்கும் வந்தாள். சார் பழைய சட்டத்தை எடுத்துவிட்டார்; இப்போது தட்டுகிற வரைக்கும் யாரும் விடக் கூடாது. நான் எதிர்க்கவில்லை. ஹெலன் மட்டும் அந்தப் பூட்டைப் போடுவதை நிறுத்திவிட்டாள். அமுக்குவாள், தூக்கிப் போடுவாள். எதிராளி கை தானாக வந்து மடியில் விழுந்தாலும் தள்ளிவிடுவாள்.

மார்ச் பத்து வந்தது. அவள் பிறந்தநாள். வாழ்த்துச் சொல்ல யாருக்கு நாக்கு வரும்? காலை ஆறு மணிக்கு ஓட்டல் வேன் நிற்கிற இடத்துக்கு நான் போனேன். தனியாக நின்றிருந்தாள்.

“இன்னா மேஸ்திரி, இவ்ளோ காலையில?”

“சும்மா வந்தேன். லீவு போடக் கூடாதா இன்னிக்கி?”

“போட்டு இன்னா பண்றது? வூட்ல ஆல்வினு கேக் வாங்கி வச்சிகினு குந்திகினு கீறான். அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கு பேஜாரா கீது.” வேன் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். “அந்த சேலத்துப் பொண்ணு போன் பண்ணிச்சு. அந்த சர்க்கார் வேலைக்கு அதுக்கு ஆர்டர் வந்துடுச்சாம். ‘அக்கா, இன்னும் கொஞ்சம் புடிச்சிருந்தா என் கை போயிருக்கும், நீங்க விட்டீங்க’ன்னு அழுவுது.”

“நீ இன்னா சொன்ன?”

“நல்லா இருன்னேன். அது இன்னா பண்ணும், பாவம்.”

“ஹெலனு, அன்னிக்கி கத்தனது நாந்தான்.”

“தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“பாய் மேலயே தெரியும். ஆறு வருசமா கேக்கற கொரலு, எனக்குத் தெரியாதா?”

“கோவம் இல்லியா?”

“கீது” என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பிச் சொன்னாள். “கத்தனதுக்கு இல்ல மேஸ்திரி. அது உனக்கும் பயக்கம், எனக்கும் பயக்கம். நீ கத்தலன்னாலும் விட்ருப்பேனோ இன்னாவோ, யாருக்குத் தெரியும்? வேன்ல எவனோ கத்தனான்னு சொன்ன பாரு. மூணு மாசமா ஆல்வினு என்னியத்தான் கேட்டுகினு கீறான், ‘ஏண்டி வுட்ட, ஏண்டி வுட்ட’ன்னு. எங்கம்மாவும் அதான் கேக்குது. நான் இன்னா சொல்வேன்? நீயே வந்து சொல்லுவன்னு பாத்தேன்.”

வேன் வந்தது. ஏறிக்கொண்டாள். கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சந்திரம்மாவையும் ஆல்வினையும் வரச் சொல்லி, அவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். ஆல்வின் உடம்பைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். சந்திரம்மா மட்டும், “இத்த அன்னிக்கே சொல்லிருந்தா நான் அந்தப் புள்ளய அவ்ளோ பேச்சு பேசியிருக்க மாட்டேனே” என்று உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

ஹெலன் அன்றைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. இப்போது மழைக்காலம் தொடங்கிவிட்டது, இன்னும் வரவில்லை. ஓட்டலில் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று கேள்வி.

எனக்கு எழுத்துக் கூட்டி எழுத ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. ஆனாலும் வேறு ஆளை வைத்து எழுதவில்லை. பார்த்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள், செங்கல்பட்டில் ஹெலன் கை தவறி விட்டாள் என்று சொல்லிக்கொண்டு இருப்பார்கள். அவள் தவறவில்லை. நான் சொன்னதைக் கேட்டாள்.