கடலைப் பார்த்தபடி ஐந்து மணி நேரம்

ஒரு வாரம் விடுமுறைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது ஆக்லாந்தின் மறுகோடியில், கிளென்ஃபீல்டில் இருக்கும் என் அக்கா முதலில் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் அழத் தொடங்கிவிட்டாள்.

என் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து அப்போது நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. ஒன்றுவிட்ட ஒரு நாள், மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டின் பின்னறையில், டயலிசிஸ் இயந்திரத்தோடு ஐந்து மணி நேரம் இருப்பேன். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, என் இடக்கையில் நானே இரண்டு ஊசிகளைக் குத்தப் பழகியிருந்தேன். மற்ற நாட்களில் பென்ரோஸில் ஒரு பண்டகசாலையின் அலுவலகத்தில் வேலை. மெஷினை விட்டு இரண்டு நாளுக்கு மேல் விலக முடியாதவளுக்கு எங்கே பயணம்?

அந்த வீட்டைப் பற்றிச் சொன்னது ஒரு தாதி. எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு, கோரமண்டல் கரையில் பழைய தங்கச் சுரங்க ஊர் ஒன்றில், கடலோரமாக ஒரு வீடு வைத்திருக்கிறதாம். இந்த நாட்டார் 'பாச்' என்று சொல்லும் சின்ன விடுமுறை வீடு. இயந்திரம் அங்கேயே இருக்கிறது, தண்ணீர் வடிகட்டியும் இருக்கிறது, நீ ஊசியோடு போனால் போதும் என்றாள். அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

போகவேண்டாம் என்று அக்கா சொன்ன காரணங்களில் ஒன்று மட்டும் உண்மையிலேயே பலமானது. மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருந்தது. எந்த நேரமும் ஃபோன் வரலாம். வந்தால் சில மணி நேரத்தில் ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும்.

"கிட்னி கிடைச்சிருக்கெண்டு அவங்கள் கோல் எடுக்கேக்க நீ கடற்கரையில நிண்டா என்ன செய்யிறது? உனக்கென்ன விசரே?" என்றாள்.

"நாலு வருசமா ஃபோனுக்குப் பக்கத்திலதான் அக்கா இருக்கிறன். ஒருத்தரும் எடுக்கேல்லை. அங்க இருந்து வர ரெண்டரை மணித்தியாலம். நான் எங்க நிக்கிறன் எண்டு அவங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போறன்."

என் கணவர் மதுரைக்காரர். அதே பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எவ்வளவு உயரத்தில் எவ்வளவு பாரத்தைத் தூக்கினாலும் கை நடுங்காது, ஆனால் ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுந்துவிடுவார். நான் ஊசி குத்தும் நேரத்தில் தோட்டத்துக்குப் போய்விடுவார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். அவருக்கும் இந்தப் பயணத்தில் பயம் இருந்தது. ஆனால் கோரமண்டல் என்ற பெயரைக் கேட்டதும், அது நம்ம சோழமண்டலம்தான், அந்தக் கரையின் பெயரை வைத்த கப்பல் ஒன்று இங்கே வந்துதான் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று கார் ஓட்டும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீடு சுரங்கத் தொழிலாளிக்காகக் கட்டிய பழைய மரவீடு. தலை இடிக்கும் கதவுகள், முன்னால் சாலை, சாலைக்கு அப்பால் கடல். பின்பக்கத்து மலையில் சுரங்க வாய் ஒன்றை இரும்புக் கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். அங்கிருந்து வரும் ஓடையில் கல்லெல்லாம் துருவேறியதுபோலச் செம்மஞ்சளாக இருந்தது. குடிக்காதீர்கள் என்று பலகை. பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம்தான் சாவி இருந்தது. எழுபது வயது இருக்கும். தங்கம் தீர்ந்ததும் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளையே பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். இது எப்படியோ மிஞ்சிவிட்டது என்றார். போன மாதம் வந்தவர் பயந்துபோய் இரண்டாம் நாளே திரும்பிவிட்டார் என்றும் சொன்னார். நான் ஏழு நாளும் இருப்பேன் என்றேன். அவர் சொன்ன தொனிக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

இயந்திரத்தை ஜன்னலோரமாக வைத்திருந்தார்கள். முதல் நாள் ஐந்து மணி நேரமும் கடலைப் பார்த்தபடி இருந்தேன். வீட்டில் நான் பார்ப்பது பக்கத்து வீட்டு வேலியை. அன்றைக்கு நேரம் முடிந்து மெஷின் மணியடித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் காற்றும் மழையும் பிடித்தன. நான் மெஷினில் இருந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. விளக்கு இரண்டு தரம் மின்னி அணைந்தது. மெஷின் அலறத் தொடங்கியது. அதற்குள் இருக்கும் பாட்டரி ரத்தம் ஓடும் பம்பை மட்டும் கொஞ்ச நேரம் சுழற்றும். அது பழைய பாட்டரி, ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது. ஒரு பெரிய தம்ளர் அளவு என் ரத்தம் உடம்புக்கு வெளியே குழாய்களில் நின்றது. அப்படியே விட்டால் உறைந்துவிடும், அவ்வளவும் நட்டம். கையால் பம்பைச் சுழற்றி அதை உள்ளே அனுப்ப ஒரு கைப்பிடி உண்டு. பயிற்சியில் செய்திருக்கிறேன். ஆனால் வீட்டில் மெஷின் என் வலப்பக்கம். இங்கே ஜன்னலுக்காக அதை இடப்பக்கம் வைத்திருந்தார்கள். ஊசி குத்திய கையை அசைக்காமல் வலக்கையை நீட்டிப் பார்த்தேன், கைப்பிடி என் விரல் நுனிக்கும் அப்பால் இருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். வாசலில் வந்து நின்றவர் சிவந்த குழாய்களைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு முடியாதும்மா. பக்கத்து வீட்டம்மாவக் கூட்டிட்டு வரட்டுமா?"

"அதுக்கு நேரமில்லை. குழாயைப் பாக்காதேங்கோ. கைப்பிடியை மட்டும் பாருங்கோ. நான் சொல்லுற பக்கத்துக்குச் சுத்துங்கோ."

வலக்கையால் குழாய்களில் கவ்விகளை மாட்டி, ரத்தத்தை உள்ளே தள்ளும் உப்புநீர்ப் பையை இணைத்து, மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். அவர் மெஷினுக்கு முன் முழங்காலிட்டுச் சுழற்றத் தொடங்கினார். மெல்ல என்றேன். மெல்லச் சுழற்றினார். காற்றுக் குமிழி ஒன்றாவது குழாயில் வந்தால் நிறுத்தவேண்டும். நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழாய் கடுஞ்சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, பிறகு தெளிந்தது. போதும் என்று சொன்னபின்னும் அவர் கை நிற்கவில்லை. தோளைத் தொட்டு நிறுத்தினேன். கைப்பிடியை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். மயங்கவில்லை. ஆனால் நெடுநேரம் எழும்பவுமில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். மூச்சு எப்படி, கால் வீங்கியிருக்கிறதா, நிறை எவ்வளவு என்று தாதி கேட்டாள். மூன்று மணி நேரம் ஓடியிருப்பதால் இன்றைக்கு ஆபத்தில்லை, குடிக்கிற தண்ணீரை நன்றாகக் குறை, மின்சாரம் வந்ததும் நாளைக்குக் கட்டாயம் மெஷினில் ஏறு, எங்கே என்பது உன் முடிவு என்றாள்.

அதற்குள் அக்காவிடமிருந்து அழைப்பு. கரையோரச் சாலையில் மண் சரிந்து ஆக்லாந்துப் பக்கம் அடைத்துவிட்டதாகச் செய்தியில் பார்த்திருக்கிறாள். நான் சொன்னனான், நான் சொன்னனான் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். மலைக்கு அந்தப் பக்கத்தால் சுற்றி வரலாம், இப்போதே புறப்படுங்கள் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்மணியும் மழை அங்கியோடு வந்து, நீங்கள் போனால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்றார்.

கணவர் கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். "போதும். ஆசைக்குக் கடலப் பாத்தாச்சு. வீட்டுக்குப் போயிடலாம்."

"ஏன், மவுண்ட் ஆல்பர்ட்டில கரண்ட் போகாதோ?"

அவர் வாசலில் கிடந்த செருப்பை மாட்டத் தொடங்கினார்.

"அங்க போனா மட்டும் பம்ப் நிக்காதோ? இண்டைக்கு நிண்டது. நாங்கள் ரெண்டு பேருமாச் சமாளிச்சம். இனி எதுக்கு ஓடுறது? வருத்தம் வந்த நாளில இருந்து கவனம், கவனம் எண்டு என்னை அறைக்குள்ள வச்சிருக்கிறியள். எனக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. நான் வரேல்லை. நீங்கள் போறதெண்டாப் போங்கோ."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. பம்பைச் சுழற்றிய மனிதனிடம் அதைச் சொன்னேன். அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "மெஷின வலது பக்கம் மாத்தி வைக்க முடியுமான்னு பாக்குறேன்" என்றார்.

பின்னேரம் மின்சாரம் வந்தது. மறுநாள் காலை, வலப்பக்கம் மாற்றி வைத்த மெஷினில், கழுவிவிட்ட வெளிச்சத்தில் ஐந்து மணி நேரத்தையும் முடித்தேன். அவர் அறைக்குள்ளேயே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுரங்கத்தைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார்.

மிஞ்சிய நாட்களில் கடையில் வாங்கிய சூடான சிப்ஸில் எனக்கு அனுமதியில்லாத ஆறு துண்டுகளைத் தின்றேன். மெஷின் இல்லாத ஒரு நாள் கடலில் இறங்கினேன். என் இடக்கையில் டயலிசிஸ் ஊசிக்காக ரத்தநாளங்களை இணைத்த இடம் கயிறு முறுக்கியதுபோலப் புடைத்து நிற்கும். வேலைக்கும் கோவிலுக்கும் முழுக்கைச் சட்டைதான். அன்றைக்குக் கையில்லாச் சட்டையோடு நெஞ்சளவு தண்ணீரில் நின்றேன். கரையில் நடந்து போனவர்கள் பார்த்தார்கள். நான் கையைத் தண்ணீருக்குள் மறைக்கவில்லை.

ஏழாம் நாள் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த வருடத்துக்கு இரண்டு வாரம் கேட்டு எழுதிவைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

சிறுநீரகம் இன்னும் வரவில்லை. கோவில் திருவிழாவுக்குச் சேலையும் குட்டைக்கைச் சட்டையுமாகப் போனேன். அக்கா பக்கத்தில் நின்று, யாரும் பார்க்குமுன் என் முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடினாள். நான் அதை விலக்கினேன். மறுபடி மூடினாள்.

"விடுங்கோ அக்கா," என்றேன். "நாலு வருசமா என்னை உயிரோட வச்சிருக்கிற கை. ஆக்கள் பாக்கட்டும்."

அவள் முந்தானையை விட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விட்டாள்.