பாய் போட்ட சிவப்பு முடிச்சு

போன வாரம் காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்கு வந்த பஸ்ஸில் எஃப்.எம். பாடிக்கொண்டிருந்தது. ஐந்து பாட்டு முடிந்தும் நடுவில் ஒரு விளம்பரம் இல்லை. மற்றவர்கள் சந்தோஷமாகக் கேட்டார்கள். எனக்குத்தான் சந்தேகம் வந்தது. விளம்பரமே இல்லாமல் இந்த ரேடியோ யார் தயவில் ஓடுகிறது? பழைய புத்தி, போகாது. இதே ஊரில் ஓர் எஃப்.எம். நிலையத்துக்காகக் கடை கடையாக ஏறி விளம்பரம் பிடித்தவன் நான்.

அப்போதெல்லாம் தீபாவளி நெருங்கினால் விளம்பரங்களுக்கு நடுவே இடம் கிடைத்தால்தான் பாட்டு. ஆனால் விளம்பரம் கொடுத்த ஒருவரும் எங்களை நம்பியதில்லை. அதிலும் மெத்தைக் கடை பாய் இருக்கிறாரே! இலவம்பஞ்சு வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு அவருடைய முறைப்புதான் ஞாபகம் வரும். அவர் விளம்பரம் தினம் மூன்று முறை வரவேண்டும். மெத்தை தைத்தபடியே ரேடியோவில் காதை வைத்திருப்பார். வந்ததும் ஒரு துண்டுத் துணியில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. மாதக் கடைசியில் விளம்பரம் வந்த நேரங்களைக் குறித்து நான் நீட்டும் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டுத் துணியைத்தான் விரிப்பார்.

ஒரு நாள் மேனேஜரிடம் சிரிப்புக்காகச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மட்டும் பாய்க்குக் காது கேக்காதுங்க சார், தொழுகைக்குப் போயிருவாரு."

என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த வெள்ளியிலிருந்து அந்த நேரத்தில் பாய் விளம்பரத்துக்குப் பதில் ஒரு மோட்டார் கடை விளம்பரம் ஓடியது. பட்டியலில் மட்டும் பாய் கடை பெயர். எனக்கு நன்றாகத் தெரியும். வேலை போய்விடுமே என்று மூச்சுவிடவில்லை.

அந்த மாதம் பாய் இரண்டு துணிகளை விரித்தார்.

"இன்னொண்ணு வூட்ல எம் பொண்டாட்டி போட்டதுப்பா. நாலு வெள்ளிக்கிழமையும் ஒரு மணிக்கு வரவேயில்லையாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க பாய்."

இரண்டு துணிகளையும் மடித்து வைத்தார். "நீ சொன்னா சரி. உங்க மேனேஜர்தான் களவாணி. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, அடுத்த மாசமும் எங்க விளம்பரத்தப் போட்டுக்க."

திட்டித் துரத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது. கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. எங்கள் நிலையத்துக்கும் பூட்டு விழுந்தது.

போன வாரம் அந்த பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே மெத்தைக் கடைக்கு நடந்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. ரேடியோ இருந்த பலகையில் ஃபோம் தலையணைகள் அடுக்கியிருந்தன. பாயின் மகன் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அத்தா போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க."

இப்போது விளம்பரம் எதில் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். போனைக் காட்டினார். "எல்லாம் இதுலதான். எத்தன பேரு பாத்தாங்கன்னு அதுவே சொல்லிருதுங்க."

"நெசமாப் பாத்தாங்களான்னு எப்படித் தெரியும்?"

"அதான் சொல்லுதுங்களே!" என்று சிரித்தார். பிறகு, "உங்களப் பத்தி அத்தா அடிக்கடி பேசுவாரு. ரேடியோக்காரங்கள்ல நீங்க ஒருத்தருதான் பொய் சொல்லாதவருன்னு" என்றார்.

கடைப் பையனிடம் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். ஊரில் ஒருத்தரையும் நம்பாத மனிதர், என்னை மட்டும் நம்பிவிட்டுப் போயிருக்கிறார்.