மூடிய கையில் டிக்கெட் கட்டு

என் தாய்மாமா கடலூர்–சிதம்பரம் தடத்தில் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் யாரிடமும் வாய் திறந்து பேசக் கூச்சப்படுகிறவன். ஒருமுறை அவர் வண்டியிலேயே, முட்லூரில் இறங்க வேண்டிய நான், கூட்டத்துக்குள்ளிருந்து “எறங்கணும்” என்று சொல்ல வெட்கப்பட்டுச் சிதம்பரம் வரை போய்விட்டேன். “வாயத் தொறந்தாதான் மாப்ள விசிலு,” என்றார் மாமா. அப்போது எனக்கு இருபது வயது.

அத்தை இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பக்கவாதத்தில் மாமாவுக்கு வலது பக்கம் விழுந்ததும், கடலூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தேன். வரவேற்பறையில் பெரிய மீன்தொட்டி இருந்தது. மீன்கள் நல்ல சுறுசுறுப்பு. மீனைப் பார்த்து மாமாவைச் சேர்த்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன். முகத்தில் பவுடர், தேய்த்த சட்டை, மல்லாந்தே கிடப்பார். வலது கை மார்பின் மேல் மடங்கியிருக்கும். முதலில் விரல்கள் கொஞ்சம் வளைந்திருந்தன. சில மாதங்களில் கை இறுக மூடிக்கொண்டது. கை ஏன் இப்படி என்று இல்லத்து மேனேஜர் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“கண்டக்டர் இல்லையா சார், டிக்கெட் கட்ட வுட மாட்டேங்கிறாரு.”

சிரித்தேன். அவர் நன்றாகத்தான் சொல்லியிருந்தார். பிறகு முழங்கால்களும் மடங்கி நீட்ட வராமல் போனபோது, “ஃபுட்போர்டுல தொத்திக்கிட்டு வராரு,” என்றார்கள். அதற்கும் சிரித்தேன். மாமா குழறலாக “வலி” என்று மட்டும் சொல்வார். “அடம் ஜாஸ்தி சார் இவருக்கு,” என்பார்கள். அந்த இல்லத்தில் மாமாவுக்குக் கிடைத்த வைத்தியம் இந்த வேடிக்கைப் பேச்சுதான். அதை மட்டும் வேளை தவறாமல் கொடுத்தார்கள்.

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒருமுறை கைரேகை வைக்க வேண்டும். அதற்காகத் தபால்காரர் ஒருவர் சின்னக் கருவியோடு வந்த அன்று நானும் போயிருந்தேன். இடது கை ரேகை தேய்ந்துபோயிருந்தது. கருவி ஏற்கவில்லை.

“வலது கையக் குடுங்கய்யா.”

வலது கையின் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களுக்குள் புதைந்திருந்தது. தபால்காரர் மெல்லப் பிரிக்கப் பார்த்தார். மாமா அலறினார். பிரிந்த சிறு இடைவெளியிலிருந்து அழுகிய நாற்றம் வந்தது. நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகியிருந்தது.

மேனேஜர் அம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். “டிக்கெட் கட்டு சார் அது...”

தபால்காரர் சிரிக்கவில்லை. “எங்கம்மா நாலு வருஷம் படுக்கையில கெடந்தாங்க. தெனம் வெரலு வெரலா நீட்டி மடக்கி வுடுவோம். அவுங்களுக்கு இப்டி ஆவல. இது யாருமே தொடாம வுட்ட கை மேடம்.”

“வயசானா அப்டித்தான் சார்.”

“எங்கம்மாவுக்கு எம்பத்திரெண்டு.”

மேனேஜர் அம்மா கதவுக்கு வெளியே மீன்தொட்டிப் பக்கம் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். இந்த முறையும் பேசாமல் இருந்தால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது.

“எறங்கணும்,” என்றேன்.

“என்ன சார்?”

“மாமாவ எங்கூட்டுக்கு அழச்சிக்கிட்டுப் போறேன். இன்னிக்கே.”

கீரப்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இப்போது மாமா கட்டில். டாக்டர் புண்ணுக்கு மருந்து கொடுத்தார். “மூட்டு இறுகிப்போச்சு. முழுசா நேராவும்னு சொல்ல முடியாது,” என்றார். சிதம்பரத்திலிருந்து வந்த பிசியோதெரபி பெண், வெந்நீர்த் துணி சுற்றி, அவசரப்படாமல் விரல்களை நீட்டும் விதத்தை எனக்கும் என் மனைவிக்கும் சொல்லிக்கொடுத்தார்.

வலித்தால் மாமா, வண்டியை நிறுத்தும் கண்டக்டர் குரலில், குழறலாக “ஹோல்டான்” என்பார். நிறுத்துவேன். வலி அடங்கியதும் “ரைட்” என்பார். பல வாரம் கழித்துக் கட்டைவிரல் வெளியே வந்தது. எங்கள் ஊர்த் தபால்காரரின் கருவியில் அதை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. மாமா உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கம் நம்பிவிட்டது.

முழங்கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. இன்று காலையும் சுண்டுவிரலைத் தொட்டேன்.

“ஹோல்டான்,” என்றார்.

நிறுத்திவிட்டு, அவர் ரைட் சொல்லக் காத்திருந்தேன்.