யோகனின் முதுகு

போன சனிக்கிழமை இல்ஃபோர்டில் ஒரு பிறந்தநாள் விழா. விளக்கேற்ற என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக் பிடித்தவர் சும்மா கூப்பிட்டிருக்கலாம். 'எங்கள் சமூகத்தின் பிரபல டொக்டர்...' என்று ஆரம்பித்தார்.

நான் மைக்கை வாங்கி, "நான் டொக்டர் இல்லை, ஒஸ்டியோபத்" என்றேன். பிறந்தநாள் பிள்ளையின் தகப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

காரில் வரும்போது மனைவி பிடித்துக்கொண்டாள். "அவையள் மரியாதைக்குத்தானே சொல்லினம். அதைப் போய் மைக்கிலை மறுக்கவேணுமோ?"

இதே கேள்வியை இந்தப் பத்தியின் வாசகர்களான உங்களில் பலரும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் பதில் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமான பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டோடு படிப்பவர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

ஊரில் மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல், சண்டைக்குத் தப்பி எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தவன் நான். இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்துகொண்டு படிக்கக் கிடைத்தது ஒஸ்டியோபதி. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. எலும்பையும் மூட்டையும் தசையையும் கையால் தடவிப் பார்த்து, கையாலேயே சரிசெய்கிற வைத்தியம். அமெரிக்காவில் இதைப் படித்தால் முழு டொக்டர். இங்கிலாந்திலோ அப்போது சட்டம் எங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் ஒஸ்டியோபத் என்று பெயர்ப்பலகை மாட்டலாம்.

இந்த வித்தியாசமெல்லாம் என் அப்பாவுக்கு எதற்கு? மகன் லண்டனில் டொக்டருக்குப் படிக்கிறான் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்துவிட்டார்.

நம்மவர்களின் பழக்கம் அது. சட்டம் படிக்கப் போனால் அன்றைக்கே அவர் லோயர். எஞ்சினியரிங் கிடைத்தால் அன்று பின்னேரமே எஞ்சினியர். இடையில் இருக்கிற வருடங்களும் பரீட்சைகளும் நமக்கு ஒரு பொருட்டா என்ன?

கல்லூரியில் முதல் வாரமே ஒரு அதிர்ச்சி. எல்லோரும் உள்ளாடையோடு நிற்கவேண்டும். ஒருவர் உடம்பில் மற்றவர் தடவிப் படிக்கவேண்டும். கிணற்றடியில்கூடச் சாரத்தை அவிழ்க்காத பரம்பரை நான்... ஒக்டோபர்க் குளிரில், வெள்ளைக்காரர்கள் சுற்றி நிற்க, வெறும் மேலோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். வெட்கம் போக ஒரு தவணை எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் பார்க்கப் பழக இன்னும் ஒரு வருடம்.

அந்தப் பழக்கத்துக்கு முதுகுகள் வேண்டுமே? கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் பெடியன்கள் ஒரு வீட்டை எடுத்து இருந்தோம். ஒவ்வொருவனும் ஷிப்ட் முடிந்து, இடுப்பைப் பிடித்தபடி, நாரி நோவோடுதான் வருவான். சமையலறை மேசையில் கம்பளியை விரித்துவிட்டுக் கூப்பிட்டால் போதும், வரிசையில் நிற்பார்கள். எத்தனை தரம் மறுத்தாலும் நான் அங்கே 'டொக்டர் அண்ணை'. மூலைக்கடைக்காரருக்கும் டொக்டர். வீட்டுச் சொந்தக்காரருக்கும் டொக்டர்.

வரிசையில் நிற்காதவன் யோகன் ஒருவன்தான். ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவுகிற மெலிந்த பெடியன். அதிகம் பேசமாட்டான். கதிரையில் எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்துதான் இருப்பான். அகதி விண்ணப்பம் போட்டிருந்தான். ஊரில் இராணுவம் பிடித்து வைத்து அடித்தது என்று சொல்லியிருந்தான். ஆனால் உடம்பில் ஒரு தழும்பு இல்லை. அதுதான் அவனுடைய லோயருக்குப் பெரிய கவலை.

ஒருநாள் குனிந்தவன் நிமிர முடியாமல் நாரி பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் மேசையில் குப்புறப் படுத்தான். தோல் அழகான தோல். ஒரு கீறல் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன்.

வலது பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு விலா எலும்புகள், முறிந்து, கோணலாகப் பொருந்தியிருந்தன. பொருந்திய இடத்தில் படிக்கட்டுப் போல ஒரு ஏற்றம். இடது பக்கத்திலும் ஒன்று. முள்ளந்தண்டின் அடி எலும்பு ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. ஒஸ்டியோபதி படிக்க வந்ததற்காக நான் முதன்முதல் பயந்தது அன்றைக்குத்தான்.

"இதென்ன யோகன்?"

"சைக்கிளிலை இருந்து விழுந்தனான் அண்ணை."

"சைக்கிளாலை விழுந்தா ரெண்டு பக்கமும் முறியுமோ?"

"ரெண்டு தரம் விழுந்தனான்."

நான் கையை எடுக்கவில்லை. முகத்தைக் கம்பளிக்குள் வைத்தபடியே சொன்னான். "பிளாஸ்டிக் பைப்புக்குள்ளை மண் நிரப்பி அடிக்கிறவங்கள் அண்ணை. வெளியிலை ஒண்டும் தெரியாது. அதுக்குத்தான் மண்."

அப்படியென்றால் அவனிடம் அத்தாட்சி இருந்தது! தோலுக்குக் கீழே இருந்தது.

அகதி விண்ணப்ப இன்டர்வியூவுக்கு முன் ஒரு உண்மையான டொக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். என் சொல் எங்கேயும் எடுபடாது என்றும் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"நீங்கள் டொக்டர்தானே அண்ணை?"

"இல்லையடா. படிக்கிற பெடியன். படிச்சு முடிச்சாலும் இஞ்சை நான் டொக்டர் இல்லை."

"எங்களுக்கு நீங்கள் டொக்டர்தான்" என்றான். பாராட்டுகிறானாம்.

எக்ஸ்ரேக்கு முன்னால் இன்டர்வியூ வந்துவிட்டது. எலும்பு முறிந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். "டொக்டர் பார்த்துச் சொன்னவர்" என்றிருக்கிறான். எந்த டொக்டர்? என் பெயரைச் சொன்னான். எங்கே பார்த்தார்? எங்கள் வீட்டில்.

விசாரித்துப் பார்த்தார்கள். அப்படி ஒரு டொக்டர் இந்த நாட்டில் இல்லை. அந்தப் பெயரில் அதே வீட்டில் ஒரு பெற்றோல் ஸ்டேஷன் தொழிலாளிதான் இருந்தான். பதில் வந்தது — இல்லாத டொக்டரை உருவாக்கிய இவர் மற்றவற்றையும் உருவாக்கியிருக்கலாம், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

பிறகுதான் எக்ஸ்ரே வந்தது. விரல் சொன்ன இடத்தில், சொன்னபடியே முறிவுகள். அப்பீலுக்கு நானும் சாட்சியாகப் போனேன். எங்கள் ஆட்கள் மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவார்கள், இவன் பொய் சொல்லவில்லை என்று எவ்வளவோ தெண்டித்து விளங்கப்படுத்தினேன். எதிர்த்தரப்பு வக்கீல் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அப்படியென்றால், தகுதி இல்லாமலேயே நீங்கள் டொக்டர் என்று அறியப்படுகிறீர்கள்?"

ஆம் என்றாலும் தோல்வி, இல்லை என்றாலும் தோல்வி. எலும்பு முறிந்தது உண்மை, யார் முறித்தது என்பதற்கு இவர் சொல் மட்டும்தான் உண்டு, இவர் சொல்லை நம்ப முடியாது என்று தீர்ப்பானது. எனக்கு இன்றைக்கும் அந்த வக்கீல் மேல் கோபம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் மேலும் இருக்கிறது. மரியாதையை அள்ளி இறைப்பவர்கள், அது யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதில்லை.

யோகனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். போகுமுன் தடுப்பு முகாமில் பார்க்கப் போனபோதும் அவன் கதிரையில் சரிந்துதான் இருந்தான். "உங்களிலை ஒரு பிழையும் இல்லை டொக்டர் அண்ணை" என்றான். அப்போதும் விடவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கொழும்பிலிருந்து அவன் தமையன் போன் எடுத்தார். தம்பியை ஒரு வான் வண்டியில் யாரோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். தேடித் திரிந்து, ஒரு ஆஸ்பத்திரியின் பிண அறைக்கு வந்திருந்தார். தண்ணீருக்குள் கிடந்து எடுத்த உடம்பு. முகம் இல்லை.

"நான் அவனைச் சின்னனிலை பார்த்தது. உங்களோடைதானே இருந்தவன்... உடம்பிலை ஏதும் அடையாளம் தெரியுமோ?"

சொன்னேன். வலது பக்கத்து இரண்டு விலா, இடது பக்கத்து ஒன்று, வளைந்த அடி எலும்பு. ஒவ்வொன்றும் எங்கே, எந்தப் பக்கம் சரிந்து பொருந்தியிருக்கும் என்று, அங்கே இருக்கிற வைத்தியருக்குச் சொல்லும்படி சொன்னேன். என் குரல் வகுப்பில் பாடம் ஒப்புவிக்கிற குரல் மாதிரி இருந்தது.

மறுநாள் திரும்ப எடுத்தார். "ஓம்... நீங்கள் சொன்ன மாதிரியே இருக்குதாம். பொடியைத் தந்திட்டினம்."

என் சொல்லை நம்பி உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். நான் டொக்டரா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.